பழைய வாசலில் நின்ற குரல்

சின்னவளின் கடைக்கு வருகிற லேப்டாப் எல்லாம் வேறு இடத்தில் கைவிடப்பட்டவை. "இது தேறாது, புதுசு வாங்கிக்குங்க" என்று பெரிய கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியதை இவள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வாள். கண்ணாடிக்கு பிரேம் போடுகிறவர் கடைக்கும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் நடுவில், ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடுகிற இடம். அங்கே உட்கார்ந்து, மெஷினில் இருக்கும் கனமான சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் சிஸ்டம் ஒன்றை ஏற்றுவாள். செத்துக் கிடந்தது எழுந்து உட்காரும். "மெஷினுக்கு வயசாகலைங்க, மேல ஏத்தின சுமைதான் ஜாஸ்தி" என்பாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவளுக்குக் கடையில் வேலை இருந்தது. ஐம்பதை நெருங்கும்போது அந்தப் பேச்சு நின்றுவிட்டது, வேலை நிற்கவில்லை.

ஏற்றிக் கொடுத்ததோடு கை கழுவுகிற ஆள் இல்லை அவள். மாதம் ஒருமுறை கொண்டுவரச் சொல்லி அப்டேட் போட்டுத் தருவாள். பழசுதானே என்று அப்படியே விட்டால் வைரஸ் நுழைகிற ஓட்டை விழும், ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுசாக்கினால் படுத்துவிடும். நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முதலில் பேக்கப், பிறகு அப்டேட், பிறகு மூடித் திறக்க வேண்டும். திறந்தபின், அந்த மெஷின் எந்த வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலையை ஒரு தடவை கண்ணெதிரே செய்யவைத்துப் பார்க்க வேண்டும். பில் போடுகிற மெஷின் என்றால் ஒரு பில் அடித்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தக் கர்வத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் கழற்றி வைத்தாள். அதுவும் சொந்த வீட்டில், சொந்த அண்ணனின் மெஷினில்.

அண்ணன் மொத்த மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விட்டவர். அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் மூட்டை இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் எல்லோரையும் முறைத்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, "எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது புடிச்சு வெக்க முடியுமா?" என்று கேட்டார். அவள் படுக்கையறையைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் பேசவைத்துப் பதிவு செய்தாள். அந்த வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, டைப் செய்ததை அதே குரலில் பேசிக் காட்டுகிற புரோகிராம் ஒன்று இருந்தது. எழுதியவர் எப்போதோ அதை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவளுடைய குட்டி லேப்டாப்பில், அவள் வைத்திருந்த லேசான லினக்ஸில், அது ஓடியது.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. மருந்தின் வேகத்தில் காதும் மந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். ஆனால் அவர் டைப் செய்து என்டர் தட்டினால், பழைய ஏலக் குரல் மேஜையிலிருந்து வரும். எழுத்து திரையிலிருந்து மறைந்து, அடுத்த வாக்கியத்துக்கு இடம் விடும்.

முதல் முறை கேட்டபோது அண்ணி அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். புருஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் பேச்சு இரண்டடி தள்ளி எங்கிருந்தோ வருகிறது. "பாதி ஆளு இங்க, பாதி ஆளு அங்க" என்றாள். போகப் போகப் பழகிவிட்டது. 'சரி' என்கிற வார்த்தை மட்டும் எப்போதும் ஒரு குக்கர் விசிலோடு வரும். பதிவு செய்த அன்று அண்ணி அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள். அவர் சரி சொல்லும்போதெல்லாம் அன்றைய சாப்பாடு மறுபடி வெந்தது.

அந்தப் புரோகிராமைச் சின்னவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். அதாவது, அப்டேட் வந்தால் மற்றதெல்லாம் மாறும், அது மட்டும் மாறாது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்புவதும் இதே மெஷினில்தான், அதனால் அப்டேட் போடாமலும் விட முடியாது. பூட்டியதைத் தொடாமல் சுற்றியுள்ளதை மட்டும் மாற்றுவது, பழைய தூணை விட்டுவிட்டுச் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி. நாலு வருஷம் அப்படியே ஓட்டினாள்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. இந்த வகைப் பழைய மெஷின்களுக்கு அடுத்த வருஷத்தோடு அப்டேட் நின்றுவிடும். சின்னவள் முன்யோசனைக்காரி. உடனே ஒரு புது டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலேயே வருகிற ரெடிமேட் குரலைப் போட்டுக் காட்டினாள். செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல். அண்ணன் அதன்மேல் காதை ஒட்டவைத்துக் கேட்டார். பிறகு தன் மெஷினில் டைப் செய்தார்.

"யாரு இவன்?" என்றது அவர் குரல்.

"பழகிடும்ணா. இந்தப் பழசு இன்னும் எத்தன நாளைக்கு வரும்?"

"இவன் பேச, நான் வாயசைக்கணுமா?"

"ஒரேடியா நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ? அப்ப என்கிட்டதானே வந்து நிப்ப!" என்று அவர் காதருகே கத்தினாள்.

அண்ணன் விறுவிறுவென்று டைப் செய்தார். "பேசறதுக்குக் கூட உன் தயவு வேணுமா? போர்வைக்குள்ள என்னப் புடிச்சுப் போட்டு வெச்சிருக்கிற திமிரு உனக்கு."

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நாலு வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்ததற்குக் கிடைத்த பேர் இது. வெடுக்கென்று மெஷினைத் தன் பக்கம் இழுத்தாள். அன்று அந்த மாதத்து அப்டேட் போட வேண்டிய நாள், கோபம் என்பதற்காக வேலையை விடுகிறவள் அல்ல. பேக்கப் எடுத்தாள், அப்டேட் போட்டாள், மூடித் திறந்தாள். சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குரலைப் பேசவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க அப்போது மனசு வரவில்லை. ஒரு பாட்டைப் போட்டாள். கணீரென்று வந்தது. அவ்வளவுதான் என்று அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

அண்ணி நாத்தனார் கட்சி. "இத்தன செஞ்சவளப் பாத்து அந்த வார்த்தையா? அவரே வந்து பேசட்டும்" என்றாள். அவரோ பேசவில்லை. மெஷினைத் திறந்துவைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருந்தார், குரல் மட்டும் வரவில்லை. சீட்டாட்டம் ஆடுகிறார் என்று அண்ணி நினைத்தாள். ரோஷம் பிடித்த மனிதர், பேசாமலிருந்தால் பேசாமலே இருப்பார் என்று சின்னவள் நினைத்தாள். மந்தக் காதுக்காரரிடம் போய்க் கத்துவதற்குக் கொஞ்சம் ஆசை மிச்சம் இருக்க வேண்டும். இருவருக்கும் அது இல்லை. தட்டை வைத்தார்கள், எடுத்தார்கள். அவர் இருந்த அறையைக் கடந்து போனார்கள், வந்தார்கள்.

நாளாக ஆக வீட்டில் என்னென்னவோ நடந்தது. அடுக்களையில் யாருமில்லாதபோது டம்ளர் விழுந்து உருண்டது. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சாத்திய கதவு திறந்து கிடந்தது. ஒருநாள் விடியும் நேரத்தில் சின்னவள் கண் விழித்தபோது அவள் கால்மாட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, கண் அவள் முகத்தில் இருந்தது. கோபத்தைக் காட்ட இப்படியும் ஒரு வழியா என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பியபின்பும் முதுகில் அந்தப் பார்வை இருந்தது, அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

"இன்னிக்கு என்ன பண்றாரு தெரியுமா?" என்று அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது கிசுகிசுத்தாள். அவள் சலவை நிலையத்தில் இஸ்திரிப் பகுதியில் வேலை செய்கிறாள். "கை கண்ணாடிய எடுத்துக் கழுத்து ஓட்டைக்கு நேரா புடிக்கிறாரு. ஆவி படியுதான்னு பாக்கறாரு. தொடைக்கிறாரு. மறுபடி புடிக்கிறாரு."

"சுத்தம் பண்றாரா இருக்கும் அண்ணி."

"சுத்தம் பண்றவரு அழுவாரா?"

சின்னவள் செருப்பை மாட்டினாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மெஷின் மூடியிருந்தது, அண்ணனைக் காணோம். காலையில் நடக்கப் போவது அவர் வழக்கம்தான்.

அன்று கடை திறந்த சற்று நேரத்தில் டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் வந்தார். அவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற புரோகிராமை வைத்துத்தான் வேலை செய்கிறார். ஒரு கையில் குச்சி, மறு கையில் லேப்டாப் பை, முகம் முழுக்க எரிச்சல்.

"என்னம்மா இது, இப்படிப் படுத்துது! நேத்து ஆபீஸ்ல ஒருத்தன் அப்டேட் போட்டுவிட்டான், அதுலருந்து இது வாயத் தொறக்கல. பாட்டு போட்டா ஜோரா வருது. பேச்சு மட்டும் வரல."

"பாட்டு வருதா?"

"பாட்டெல்லாம் வருது. பேச்சுதான் வரல."

அவள் கை மேஜைமேல் அப்படியே நின்றது. பிறகு மெஷினைத் திறந்து பார்த்தாள். புது அப்டேட்டில் சத்தம் வெளியே போகிற வழியை மாற்றியிருந்தார்கள். புதுப் புரோகிராம்கள் எல்லாம் புது வாசல் வழியாகப் போயின. பழையது மட்டும் பழைய வாசலில் போய் நின்றது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு திறக்கும் என்று மரியாதையாக நின்றுகொண்டே இருந்தது. திருத்துவதற்கு ஒரே ஒரு வரிதான். எழுதினாள். ஆபரேட்டரின் மெஷின் உடனே வாய் திறந்து ஒப்பிக்க ஆரம்பித்தது.

"நான் ஒடனே வந்து சொன்னதால ஆச்சு" என்றார் அவர். "காது கேக்காதவனா இருந்தா என்ன பண்ணுவான்?"

சின்னவள் கடையைப் பூட்டவில்லை. பிரேம் கடைக்காரரிடம் "பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் யாருமில்லை. அண்ணனின் அறையில் ஜன்னல் வெயில் பாதிக் கட்டில்வரை விழுந்திருந்தது. மெஷினின் மூடியைத் திறந்தாள். அணைக்காமல் மூடி வைப்பதுதான் அண்ணனின் பழக்கம், அது தூக்கத்திலிருந்து விழித்தது. அந்த ஒரு வரியை எழுதினாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவளாக எதையும் டைப் செய்வதற்கு முன்பே அண்ணன் பேசினார்.

"சின்னவளே."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அறையில் ஒருவரும் இல்லை.

"சின்னவளே, கோவமா?"

புரோகிராம் பேசத்தான் முடியாமல் இருந்தது, வாங்கிக்கொள்வதை நிறுத்தவில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. அவர் தட்டிய ஒவ்வொரு வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நின்றிருக்கிறது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, மெஷினின் ஞாபகத்தில் மட்டும்தான். நிறுத்தினால் எல்லாம் போய்விடும். தாண்டிப் போகவும் வழியில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சரி," என்றது குரல், குக்கர் விசிலோடு. "புது மெஷினே வெச்சுக்கலாம். அவன் குரலுக்கு நான் பழகிக்கறேன். நான் பேசினது தப்பு."

கொஞ்சம் இடைவெளி.

"சரின்னு சொன்னேனே. காதுல விழுந்துதா?"

அன்றைக்கே சொல்லியிருக்கிறார். சண்டை போட்ட அன்றைக்கே. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி குடு." "தண்ணி." "விடு, நானே எடுத்துக்கறேன்." அப்புறம் வசவு. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா, திமிரு புடிச்ச கழுதைங்களா என்று ஏலக் குரல் வெற்று அறையில் முழங்கியது. பிறகு அது தணிந்தது. அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் தெரியாது. கெஞ்சினாலும் வைதாலும் கத்தரிக்காய்க்கு விலை சொல்கிற அதே தெம்புதான். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"டம்ளரத் தள்ளிவிட்டேன். அதுக்காவது திட்டுங்க."

"கொழாயத் தொறந்துவிட்டேன். அவ வந்து மூடிட்டுப் போறா. என்னப் பாக்கல."

"காலைல உன் கால்மாட்டுல நின்னேன். கண்ணத் தொறந்து பாத்த. பாத்துட்டு, சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்ட. அங்க யாரும் இல்லாத மாதிரி."

இரண்டு பெண்களும் இத்தனை நாளாக அவர் ரோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் வேறு எதையோ நினைக்க ஆரம்பித்திருக்கிறார்.

"ஒரு சந்தேகம்," என்றது குரல். "ஆபரேஷன் டேபிள்லருந்து நான் எழுந்தேனா?"

இடைவெளி.

"எழுந்த மாதிரிதான் ஞாபகம். ஆனா செத்தவனுக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்குமோ என்னவோ."

"கண்ணாடில ஆவி படியுது. எனக்கு அப்படித் தெரியுதா, நெசமாவே படியுதா? யாரக் கேக்கறது?"

"நான் இருக்கேனா?"

"நான் இருக்கேனா?"

"நான் இருக்கேனா?"

எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. ஒரே குரல், ஒரே அளவு, ஒரே உற்சாகம். ஒரு கட்டத்தில் அவள் சத்தமாக, "இருக்க அண்ணா, இருக்க!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். மெஷின் அவள் பேச்சைக் கேட்பதற்காகச் செய்ததல்ல. அது தன் பாட்டுக்கு அடுத்ததைச் சொன்னது.

"போறேன்."

அவள் எழுந்துவிட்டாள். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். வெறுமனே போறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அலமாரியைப் பார்த்தாள். அண்ணனின் கைப்பை இருந்த இடம் காலி. மெஷினின் மூடியை அறைந்து சாத்திவிட்டு, படியில் விழுந்து எழுந்து தெருவுக்கு ஓடினாள்.

பஸ் நிறுத்தம் நேரான சாலையில் இருந்தது. தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து எத்தனை பஸ்ஸை விட்டாரோ, சாலையைப் பார்த்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, முதுகு காட்டி நின்றிருந்தார். ஒரு பஸ் வந்து நின்றது.

"அண்ணா!"

தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. "அண்ணா! ஏறாத!" தொண்டை கிழியக் கத்தினாள். அந்த முதுகு அசையவில்லை. ஒரு கணம், சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறோமோ, தான்தான் இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை நாள் அவருக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஓடினாள். பஸ் அவரை ஏற்றாமல் போயிற்று.

போய்த் தோளைத் தொட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்மேல் இருந்த கையைத்தான் பார்த்தார். தன் கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, அமுக்கி, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

அவள் அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"உன் குரல் வெளிய வரவே இல்ல! அப்டேட் போட்டதுல நின்னுடுச்சு! நாங்க யாருமே கேக்கல!"

அவர் உதடு அசைந்தது. 'ஒண்ணு கூடவா?'

"ஒண்ணு கூட இல்ல! எல்லாம் உள்ளயே நின்னுருக்கு! இப்பதான் கேட்டேன்!"

உதடு மறுபடி அசைந்தது. அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் அசைத்தார். 'திட்டினதுமா?'

"அதுவும்தான்! நல்லாவே திட்டியிருக்க! என் தப்புதான் அண்ணா. உன் குரலக் கேக்கப் புடிக்காம, பாட்டு போட்டுப் பாத்துட்டு மூடி வெச்சுட்டேன்!"

அதைக் கேட்டதும் அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். கழுத்துத் துணி மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கியது. அடுத்த பஸ் வந்தது, கதவு திறந்தது, கண்டக்டர் "ஏறுறீங்களா?" என்று கேட்டான். அண்ணன் குனிந்து பையை எடுத்தார். எடுத்து அவள் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வரும்வரை அவள் கையை அவர் விடவில்லை. படியேறும்போதுகூட ஒவ்வொரு படியிலும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். அறையில் நேராக மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்ற அவசரம் முகத்தில் இருந்தது. மூடியைத் திறந்தார், விரல்களைக் கீபோர்டின்மேல் வைத்தார். இன்னும் ஒரு எழுத்தைக்கூட அழுத்தவில்லை.

"போயிட்டு வரேன்," என்றது அவர் குரல்.

சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் போறேன் என்று தட்டிவிட்டு எழுந்தவர், பையோடு வாசல்வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்திருக்கிறார். கேட்க ஆளில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தும், உட்கார்ந்து அதைத் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் மூடியைச் சாத்தியிருக்கிறார். அவள் மூடியைச் சாத்தியபோது பாதியில் நின்ற வரிசையில் அதுதான் கடைசி. அதன்பின் மெஷின் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அது கேட்கவும் இல்லை. தலை குனிந்து கீபோர்டில் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாண்ணா," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். எங்கே என்று புரியாமல் கையை விரித்தார்.